கல்லீரலுக்குப் பரவிய மலக்குடல் புற்றுநோய்: முதல் கீமோவுக்கு முன்பே அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதுமே பெரும்பாலான குடும்பங்கள் நம்பிக்கையைக் கைவிட்டுவிடுகின்றன. ‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, கீமோ கொடுத்து இருக்கிற நாளைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான்’ என்று உறவினர்கள் தங்களுக்குள் பேசி முடிவுகட்டிவிடுகிறார்கள். நாளிதழ்களில் வரும் மருத்துவக் கட்டுரைகளும், இப்படி வேறு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையை ஒரே பத்தியில் கடந்துபோய்விடுகின்றன. புற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி, பிறகு பல துறை மருத்துவர்கள் வாரந்தோறும் ஒன்றுகூடி ஒவ்வொரு நோயாளிக்குமான சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டத்துக்குக் கோப்புகளைத் தயார்செய்யும் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்நோயில் கீமோதெரபியையும் அறுவை சிகிச்சையையும் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் இணைக்கிறோம் என்பதுதான் பலருடைய ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்தவள். ஆகவே, முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே நோயாளியின் ஸ்கேனைக் கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த நோய் ஏன் கல்லீரலைத் தேடிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. கட்டியிலிருந்து பிரிந்த புற்றணுக்கள் அந்த ஓட்டத்தோடு சென்று முதலில் தங்கும் இடம் அதுவே. மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. அங்கிருந்து ரத்தம் இடுப்புச் சிரைகள் வழியாக இதயத்தை அடைந்து நுரையீரலுக்குப் போவதால், தாழ்வாக அமைந்த கட்டிகள் கல்லீரலைத் தொடாமலேயே நுரையீரலில் போய் முளைப்பதும் உண்டு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நோய் கண்டறியப்படும்போதே அது வேறோர் உறுப்புக்குப் பரவியிருக்கிறது. அவர்களில் கணிசமானோருக்கு அந்தப் பரவல் கல்லீரலோடு நின்றிருக்கிறது. வயிறு, எலும்பு, நுரையீரல் என்று எங்கும் சிதறிய நோயும், கல்லீரலின் ஒரு பக்கத்தில் இரண்டு கட்டிகளாக நிற்கும் நோயும் ஏட்டில் நான்காம் நிலை என்றே பதிவாகின்றன. ஆனால் இரண்டாவது நோயாளிக்கு முற்றிலும் குணமாகும் வாய்ப்பே இருக்கிறது.

கல்லீரல் வெட்டினால் வளரும் உறுப்பு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், இந்த நோயில் அதன் பொருள் என்ன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு காலத்தில், மூன்றுக்கு மேல் கட்டிகள் இருந்தால் அறுவை சிகிச்சை கூடாது, கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவும் சேர்ந்து வராவிட்டால் பயனில்லை என்றெல்லாம் விதிகள் இருந்தன. இன்று நிபுணர்கள் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை கட்டிகளை எடுக்கப்போகிறோம் என்பதைவிட, எடுத்தபின் எவ்வளவு கல்லீரல் மிஞ்சும், அந்த மிச்சத்துக்கு ரத்தம் வரவும் போகவும் பித்தம் வடியவும் வழியிருக்கிறதா என்றே அவர்கள் பார்க்கிறார்கள். நல்ல நிலையிலுள்ள கல்லீரலில் நாலில் ஒரு பங்கு மிஞ்சினாலும் போதும். கீமோ பெற்ற கல்லீரலுக்கு 30 சதவீதமாவது வேண்டும். மிஞ்சப்போகும் பகுதி சிறியதாக இருந்தால், எடுக்கப்போகும் பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு வாரங்களில் மறுபக்கம் தானே பருத்துக்கொள்கிறது. இரு பக்கமும் கட்டிகள் இருப்பவர்களுக்கு ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, வளரவிட்டு, பிறகு மறுபக்கத்தை எடுக்கும் இரண்டு கட்ட அறுவை சிகிச்சையும் நடைமுறையில் உள்ளது. இவற்றையெல்லாம் ஸ்கேனைப் பார்த்துக் கணக்கிடக்கூடியவர் கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவரே. ரத்தநாளங்களையும் கட்டிகளையும் தினமும் கையால் தொட்டுப் பழகியவர் பார்க்கும் பார்வை, ஸ்கேன் அறிக்கையில் ‘இரு மடல்களிலும் பல கட்டிகள்’ என்று எழுதப்பட்டிருக்கும் ஒற்றை வரியில் அடங்காது.

பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோயைக் கட்டுப்படுத்தி வைப்பது மட்டுமே நோக்கம் என்று முடிவாகிக் கீமோ பெற்றுக்கொண்டிருந்தவர்களில், நோய் கல்லீரலில் மட்டும் இருந்தவர்களின் பழைய ஸ்கேன்களைக் கல்லீரல் அறுவை நிபுணர்களிடம் காட்டியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை சாத்தியம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கல்லீரலை அறுப்பவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே நடந்தது.

இனி கீமோவுக்கு வருகிறேன். 1957-இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் உருவாக்கிய ஃப்ளூரோயுராசில்தான் இன்றும் இந்நோய்க்கான சிகிச்சையின் அடித்தளம். பல பத்தாண்டுகள் அது மட்டுமே துணையாக இருந்தது; அதனால் கட்டிகள் கணிசமாகச் சுருங்கியவர்கள் குறைவு. ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிடானியின் குழு 1976-இல் கண்டுபிடித்த ஆக்ஸாலிபிளாட்டின் பின்னாளில் பிரான்சில் அதனோடு சேர்க்கப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. பாரிசை ஒட்டிய வில்ஜூயிஃப் நகரின் பால் புரூஸ் மருத்துவமனையில், ஆரி பிஸ்முத், ரெனே ஆடம் ஆகியோரின் குழு 1996-இல் ஒரு செய்தியை வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்கு இயலாது என்று கைவிடப்பட்ட 330 பேருக்கு இக்கூட்டு மருந்தைக் கொடுத்ததில், 53 பேருக்குக் கட்டிகள் அறுத்தெடுக்கும் அளவுக்குச் சுருங்கின. 2004-இல் அதே குழு இன்னும் பெரிய கணக்கைத் தந்தது: தொடக்கத்தில் அறுக்க இயலாதிருந்த 1104 பேரில் 138 பேர் கீமோவுக்குப் பின் அறுவை சிகிச்சைக்குத் தகுதி பெற்றார்கள்; அவர்களில் 33 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளையும், 23 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளையும் கடந்தார்கள்.

எட்டுப் பேரில் ஒருவர்தானே என்று இதைப் படிப்பவர்கள் சோர்ந்துபோகலாம். ஆனால் அந்த ஒருவர் முந்தைய தலைமுறையில் பிறந்திருந்தால் அவருக்கு வழியே இருந்திருக்காது. மேலும், அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட காலத்தில் இன்றுள்ள மருந்துகள் பல இல்லை, அல்லது பரவலாகப் பயன்பாட்டில் இல்லை. இரினோடீகான், அத்துடன் கட்டியின் மரபணுத் தன்மையைப் பொறுத்துக் கொடுக்கப்படும் செடூக்ஸிமாப், பெவாசிஸுமாப் போன்றவை சேர்ந்தபின், கட்டி சுருங்குவோரின் விகிதம் நன்றாகவே உயர்ந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அறுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களில், முழுமையாக அறுத்தெடுக்கப்பட்ட பிறகு ஐந்து ஆண்டுகளைக் கடப்போர் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் என்பது பல மையங்களின் அனுபவம்.

நான் மிகவும் வருந்தும் இடம் ஒன்று உண்டு. கீமோ நன்றாக வேலை செய்கிறது என்பதாலேயே அதை நீட்டிக்கொண்டே போகும் வழக்கம்தான் அது. ‘மருந்து கேட்கிறது, இன்னும் ஆறு தவணை கொடுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லும்போது நோயாளிக்கும் அது நல்ல செய்தியாகவே தோன்றுகிறது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளங்களைப் பழுதாக்கிவிடுகிறது. அத்தகைய கல்லீரல் வயிற்றைத் திறக்கும்போது நீலம் பாரித்து, தொட்டாலே ரத்தம் கசிவதாக இருக்கும். இரினோடீகான், அதிலும் உடல் பருமனானவர்களிடம், கல்லீரலில் கொழுப்பையும் அழற்சியையும் உண்டாக்குகிறது. அந்தக் கல்லீரல் மஞ்சள் நிறமாகத் தெரியும். இரண்டு வகையிலும், அறுத்தபின் மிஞ்சும் பகுதி சரியாக வேலை செய்யாமல் போகும் அபாயம் தவணைகள் கூடக்கூட ஏறுகிறது. ஆகவேதான் நான்கு தவணை முடிந்ததும், அதாவது சுமார் இரண்டு மாதத்தில், மறுபடியும் ஸ்கேன் எடுத்து, அறுக்க முடியும் என்ற நிலை வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும் என்று அனுபவமுள்ள குழுக்கள் சொல்கின்றன. ஆறு தவணைக்குள் அறுவை அரங்குக்குக் கொண்டுபோகக்கூடியவரைப் பன்னிரண்டு தவணை வரை இழுத்துவிட்டு அப்புறம் அறுவை நிபுணரிடம் அனுப்புவதால், அவருடைய வேலையும் நோயாளியின் ஆபத்தும் ஒருசேரக் கூடுகின்றன.

இதைவிட விசித்திரமான ஒரு சிக்கலும் இருக்கிறது. கட்டி சுருங்கிச் சுருங்கி ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடுவது. எங்கள் கூட்டத்தில் திரையில் இரண்டு படங்களை அருகருகே போடுவார்கள். இடப்பக்கம் கீமோவுக்கு முந்தைய ஸ்கேனில், கல்லீரலின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஐந்தாறு வட்டங்கள் இருக்கும். வலப்பக்கம் நான்கு மாதத்துக்குப் பிந்தைய ஸ்கேனில் இரண்டு மட்டுமே தெரியும். வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கு அந்தப் படம் பெரும் மகிழ்ச்சியைக் கொடுத்திருக்கும். உள்ளே கல்லீரல் அறுவை நிபுணரோ நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, மறைந்துபோன வட்டங்கள் எந்தச் சிரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று விரலால் அளந்துகொண்டிருப்பார். காரணம் இதுதான்: பிரான்சில் 2006-இல் வெளியான ஆய்வில், ஸ்கேனில் முற்றிலும் மறைந்துவிட்டதாகத் தெரிந்த 66 கட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், 55 இடங்களில், அதாவது 83 சதவீதத்தில், புற்றுநோய் எஞ்சியிருந்தது அல்லது சில காலத்திலேயே திரும்ப வந்தது. மேலே கருகினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடிருக்கும் கோரைப்புல்லைப் போன்றது அது. எனவே கட்டி இருந்த இடத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அறுவை அரங்கில் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத ஒன்றை எப்படி எடுப்பது? முதல் கீமோவுக்கு முன்பே கல்லீரலுக்கென்று தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்திருந்தால் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மறைந்துவிடக்கூடிய சிறிய கட்டிகளுக்குள் முன்கூட்டியே ஒரு நுண்ணிய உலோகக் குறியைப் பதித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இவை இரண்டும் கீமோ தொடங்கிய பிறகு செய்யக்கூடியவை அல்ல; ஆகவேதான் ‘முதல் கீமோவுக்கு முன்பே’ என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலக்குடல் என்பதால் கூடுதலான சிக்கல்களும் உண்டு. பெருங்குடலின் மற்ற பகுதிகளைப் போலன்றி, மலக்குடல் இடுப்பெலும்புக்குள் குறுகலான இடத்தில் அமைந்திருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்து அதை முழுதாக எடுக்கும் முறையை 1982-இல் பிரிட்டிஷ் அறுவை நிபுணர் பில் ஹீல்ட் விளக்கிய பிறகே அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. அதோடு கதிர்வீச்சும் பலருக்குத் தேவைப்படுகிறது. இங்குதான் வரிசை முக்கியமாகிறது. வழக்கமான கதிர்வீச்சு ஐந்து வாரங்களுக்கு மேல் நீளும். அந்தக் காலம் முழுவதும் கொடுக்கப்படும் கீமோ, கதிர்வீச்சுக்குத் துணையாக நிற்கும் அளவில் மட்டுமே இருப்பதால், கல்லீரலில் உள்ள நோய் ஏறக்குறைய கவனிப்பாரின்றி விடப்படுகிறது. அதற்கு மாற்றாக ஐந்தே நாட்களில் கதிர்வீச்சை முடித்துவிட்டு, உடனே முழு அளவிலான கீமோவுக்குப் போகும் முறையை நெதர்லாந்து மருத்துவர்கள், தொடக்கத்திலேயே கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்த 50 மலக்குடல் புற்றுநோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். ஐந்து நாள் கதிர்வீச்சு, பிறகு அதிகபட்சம் ஆறு தவணை கீமோ, அதன்பின் எல்லா இடத்திலும் உள்ள நோயை நீக்கும் அறுவை சிகிச்சை என்ற வரிசையில், 36 பேருக்குத் திட்டமிட்டபடி நோயிருந்த எல்லா இடங்களிலும் சிகிச்சையை முடிக்க முடிந்தது. அந்த 36 பேரில் 29 பேருக்கு நோய் பின்னர் வேறிடத்தில் திரும்பி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் சுமார் எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஐம்பது பேரில் 16 பேர் உயிரோடிருந்தார்கள். நான்காம் நிலை என்று சொல்லி அனுப்பப்பட்ட ஐம்பது பேரில் மூன்றில் ஒரு பங்கினர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

‘மூலக்கட்டி மலக்குடலில் இருக்கும்போது அதை முதலில் எடுக்காமல் கல்லீரலில் போய்க் கைவைப்பார்களா?’ என்று நோயாளிகளின் பிள்ளைகள் என்னிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள பரவல். மலக்குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் தையலில் கசிவு ஏற்பட்டால் கீமோ மாதக்கணக்கில் தள்ளிப்போகும்; அந்த இடைவெளியில் கல்லீரல் கட்டிகள் கைமீறி வளர்ந்துவிடும். இதனால்தான் ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை நிபுணர் ஜில் மென்தா 2006-இல் முதலில் கீமோ, அடுத்து கல்லீரல், கடைசியாக மலக்குடல் என்ற தலைகீழ் வரிசையை முன்வைத்தார். மலக்குடல் கட்டி அடைப்பையோ கடும் ரத்தப்போக்கையோ உண்டாக்காதவரை அது காத்திருக்கும். நியூயார்க்கில் மூலக்கட்டியை எடுக்காமலேயே கீமோ தொடங்கப்பட்ட 233 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், 93 சதவீதத்தினருக்கு அந்தக் கட்டியால் அறுவை சிகிச்சை தேவைப்படும் நெருக்கடி எதுவும் நேரவில்லை என்று 2009-இல் தெரியவந்தது. அடைக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, கட்டியைத் தொடாமல் வயிற்றில் மலம் வெளியேறும் வாயிலை மட்டும் அமைத்துப் பை பொருத்திவிட்டு, சில வாரங்களில் கீமோவைத் தொடங்கிவிடலாம். பையைக் கண்டு அஞ்சி அதை மறுத்துவிட்டு, பிறகு குடல் அடைத்து நள்ளிரவில் அவசர அறுவைக்கு வருபவர்கள் இழப்பது மிக அதிகம்.

அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் இடையிலான நாட்கணக்கை நோயாளிகளும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கடைசிக் கீமோவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையே சுமார் நான்கு வாரங்கள் வேண்டும். பெவாசிஸுமாப் கொடுக்கப்பட்டிருந்தால் ஆறு வாரங்கள், ஏனெனில் அது புதிய ரத்தநாளங்கள் முளைப்பதைத் தடுப்பதால் காயம் ஆறுவதும் தடைப்படும். இரண்டு மருத்துவமனைகளில் தனித்தனியே சிகிச்சை பெறுபவர்கள் விஷயத்தில் இந்தத் தேதிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் குடும்பம், மருத்துவருக்குச் செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல.

ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவர்களிடம் நான் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன்: ‘சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொள்ள முடிகிறதா?’ விரல் நுனி மரத்துப்போவது அந்த மருந்தின் இயல்பு. குளிர்ந்த எதையும் தொட்டால் ஊசி குத்துவதுபோல் தொடங்கி, பிறகு பேனா பிடிப்பதும் சாவியைத் திருப்புவதும் சிரமமாகும். பலர் உண்மையைச் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நிறுத்தினால் நோய் வென்றுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஒரு பெரியவர், முடிகிறது என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்; அவர் மனைவி, குனிந்து அவருடைய சட்டையின் கடைசிப் பொத்தானை மாட்டிவிட்டபடி, ‘ஒரு மாதமாக நான்தான் போட்டுவிடுகிறேன் சிஸ்டர்’ என்றார். மருந்தின் அளவைக் குறைப்பதாலோ, ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வதாலோ சிகிச்சை தோற்றுவிடாது. மறைத்து வைத்தால் அந்த மரப்பு வாழ்நாள் முழுக்க நிலைத்துவிடக்கூடும்.

தொடக்கத்திலேயே அறுக்கக்கூடிய நிலையில் உள்ளவர்களுக்கும் கீமோ கட்டாயமா என்பதில் நிபுணர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் 364 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், அறுவைக்கு முன் ஆறு தவணையும் பின் ஆறு தவணையும் கொடுத்தவர்களுக்கு நோயின்றி இருந்த காலம் சற்றுக் கூடியது. ஆனால் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் கீமோ பெற்றோரில் 51.2 சதவீதம், நேரே அறுவை சிகிச்சை பெற்றோரில் 47.8 சதவீதம். அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. அறுவைக்குப் பிந்தைய தொல்லைகளோ கீமோ பெற்றவர்களிடம் கூடுதலாக, 25 சதவீதமாக, இருந்தன. மற்றவர்களிடம் அது 16 சதவீதம். என் கருத்து, ஒன்றிரண்டு சிறு கட்டிகள் எளிதில் எட்டும் இடத்தில் இருப்பவரைப் பழக்கத்தின் காரணமாகக் கீமோ நாற்காலியில் உட்காரவைக்கக்கூடாது என்பதே. அறுவை நிபுணரும் மருந்து நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்த முடிவு சரியாக அமையும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொடுமை. பரவலை முழுமையாக நீக்க வழியே இல்லாதபோது, தொல்லை தராத மூலக்கட்டியை மட்டும் எடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்பதை ஜப்பானில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது. எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம், 25.9 மாதம், எடுக்காமல் கீமோ மட்டும் பெற்றவர்களுடையது 26.7 மாதம். கல்லீரலில் பாதி நோயை எடுத்துப் பாதியை விட்டுவருவதாலும் பயனில்லை. பி.ராஃப் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் நோய் விரைவாகத் திரும்புகிறது. இத்தகையவர்களுக்கு நல்ல கீமோவும், வலி நிவாரணமும், மரியாதையான பராமரிப்புமே சரியான சிகிச்சை. ஆனால் அந்த முடிவை எல்லோரும் கூடி ஆராய்ந்த பிறகு சொல்ல வேண்டும்.

2022-இல், நோயெதிர்ப்பு மருந்து ஒன்றால் மலக்குடல் புற்றுநோய் 12 பேருக்கு முற்றிலும் மறைந்தது என்ற செய்தி உலகெங்கும் வெளியானபோது, கல்லீரலுக்குப் பரவியவர்களின் குடும்பங்கள் அந்தச் செய்தியோடு எங்களிடம் ஓடிவந்தன. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை. மேலும் அவர்கள் எல்லோருடைய கட்டியும் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் ஆற்றலை இழந்த தனிவகையைச் சேர்ந்தது. பரவிய நோயிலும் அந்த வகைக்கு நோயெதிர்ப்பு மருந்து கீமோவைவிடச் சிறப்பாக வேலை செய்கிறது என்பது 2020-இல் நிறுவப்பட்டதே. ஆனால் பரவிய நிலையில் அந்த வகையினர் நூற்றில் ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். தாங்கள் அந்த ஐவரில் ஒருவரா என்பதைப் பயாப்ஸித் திசுவில் செய்யும் பரிசோதனை சொல்லிவிடும். ராஸ், பி.ராஃப் மரபணுச் சோதனைகளோடு அதையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். ராஸ் மாற்றம் உள்ளவருக்குச் செடூக்ஸிமாப் பயன்தராது என்பது போன்ற முடிவுகள் அந்த அறிக்கையைப் பொறுத்தே அமைகின்றன.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் இப்போது இந்நோயின் எல்லைக்குள் வந்திருக்கிறது. நோய் கல்லீரலில் மட்டும் இருந்து, அறுத்தெடுக்க இயலாமல், கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்டிருந்த 94 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், கீமோவுடன் மாற்றுக் கல்லீரலும் பெறும் குழுவில் சேர்க்கப்பட்டவர்களில் 56.6 சதவீதத்தினரும், கீமோ மட்டும் பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டுகளைக் கடந்தனர். மிகக் கடுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கானது அது. உறுப்புக்காகக் காத்திருக்கும் மற்ற நோயாளிகளையும் நினைக்க வேண்டும். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் இதைப் பேசியிருந்தால் யாரும் காதுகொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தவர்களிலும் மூவரில் இருவருக்கு நோய் திரும்பக்கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அதனால்தான் மூன்று மாதத்துக்கொரு முறை, நோய் திரும்புவதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும், குறித்த இடைவெளியில் ஸ்கேனும் தேவைப்படுகின்றன. திரும்பிய நோய் மீண்டும் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால், வளர்ந்துவிட்ட கல்லீரலிலிருந்து அதை இரண்டாம் முறையும் எடுக்கலாம். மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளை ஊசி வழியே வெப்பம் செலுத்திச் சுட்டழிக்கவும் வழியிருக்கிறது. நுரையீரல் கட்டிகளுக்கும் இதே போன்ற வாய்ப்புகள் உண்டு. ‘ஆபரேஷன் முடிந்தது, இனி எதற்குப் பரிசோதனை’ என்று வருவதை நிறுத்திவிட்டவர்கள், நோய் எங்கும் பரவிய பிறகு வந்து நின்றபோது நாங்கள் பட்ட வேதனையை எழுத்தில் சொல்ல இயலாது.

இந்தச் சிகிச்சைகள் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கல்லீரல் அறுவை நிபுணர் எல்லா இடத்திலும் இருக்க மாட்டார். ஆனால் ஸ்கேன் படங்கள் இன்று இணையம் வழியாக எங்கும் போகின்றன; நோயாளி பயணம் செய்யாமலேயே, படங்களை மட்டும் அனுப்பி ஒரு வாரத்துக்குள் கருத்துப் பெற்றுவிடலாம். இரண்டாவது கருத்துக் கேட்பது தன்னை அவமதிப்பதாக நல்ல மருத்துவர் எவரும் நினைப்பதில்லை. என் அனுபவத்தில், ‘கல்லீரல் அறுவை நிபுணரிடம் ஒருமுறை காட்டலாமா, டாக்டர்?’ என்று நோயாளி பணிவாகக் கேட்டபோது, ‘நானே அனுப்பிவைக்கிறேன்’ என்று சொன்ன மருத்துவர்களே அதிகம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் புற்றுநோய் பற்றி அடுத்து எழுதும்போது, நோயாளிகள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளையும் தயவுசெய்து வெளியிடுங்கள். பரவல் கல்லீரலில் மட்டும் இருக்கிறதா, வேறெங்கும் இருக்கிறதா? என் ஸ்கேனைக் கல்லீரல் அறுவை நிபுணர் பார்த்துவிட்டாரா, என்ன சொன்னார்? இந்தக் கீமோவின் நோக்கம் கட்டியைச் சுருக்கி அறுப்பதா, கட்டுப்படுத்தி வைப்பதா? எத்தனை தவணைக்குப் பிறகு அதை மறுபரிசீலனை செய்வீர்கள்? இவற்றைக் கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அத்துடன், கீமோ தொடங்குவதற்கு முன் எடுத்த ஸ்கேனின் குறுந்தகட்டை, அதன் அறிக்கைக் காகிதத்தை மட்டுமல்ல, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையே, கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பின்னாளில் கட்டிகள் ஸ்கேனில் மறைந்துபோனால், அவை எங்கே இருந்தன என்பதை அறுவை நிபுணர் அந்தத் தகட்டைப் போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்